குப்பைத் தொட்டியில் ஈ மொய்க்கிறதா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

சித்திரை பிறந்து மாம்பழமும் பலாச்சுளையும் வீட்டுக்குள் வந்தால் கூடவே ஈயும் வந்துவிடும். உடனே ஸ்ப்ரே அடிக்கிறோம், இல்லாவிட்டால் பினாயிலைத் தொட்டிக்குள் ஊற்றுகிறோம். கொஞ்ச நேரம் போகும், அப்புறம் திரும்பவும் மொய்க்கும், ஏனென்றால் அது தேடி வந்த சங்கதி உள்ளே நசநசவென்று அப்படியே கிடக்கிறது.

ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 100 முட்டைக்கு மேல் இடும். இந்த வெயிலுக்கு அது ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். புழு வளர ஈரம் வேண்டும். அதனால் குப்பையை ஈரமில்லாமல் வைப்பதும், வாரம் தாண்ட விடாமல் வெளியேற்றுவதும்தான் உண்மையான வேலை. கிராம்பு குத்திய எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஈரமான தொட்டிக்கு முன்னால் அதெல்லாம் எடுபடாது.

காய்கறித் தோல், டீத்தூள், மிச்சச் சோறு எதையும் நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். சிங்க் ஓரத்தில் ஓட்டைக் கூடை ஒன்று வைத்து வடியவிட்டு, பழைய பேப்பரில் சுருட்டிப் போடுங்கள். பக்கத்தில் மாடு, எருமை வைத்திருப்பவர்கள் இருந்தால் கழனித் தண்ணியை அங்கே ஊற்றிவிடலாம், பாதி ஈரம் அதிலேயே குறைந்துவிடும். கேரி பேக்கில் போட்டு இறுகக் கட்டுவதை மட்டும் விடுங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம், உள்ளேயே வியர்த்து அழுகிப்போய், அவிழ்க்கும்போது வருகிற நாற்றம் தெருமுனை ஈயையும் கூப்பிட்டுவிடும். குப்பை வண்டியில் வருகிற அக்கா "பையோட போடாதீங்க, கொட்டிக் குடுங்க" என்று சொல்வது சும்மா இல்லை.

நம்ம ஊருக்கென்று ஒரு வசதி உண்டு, தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களில் மலையாகக் குவிந்து கிடக்கும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியின் அடியில் இரண்டு கை, ஒவ்வொரு முறை குப்பை போட்டதும் மேலே ஒரு கை தூவினால் ஈ உட்கார ஈரமான இடமே கிடைக்காது. மாடித் தோட்டத்துக்கென்று விற்கிற கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் உதிர்ப்பார்கள், அது இதற்கு ஆகாது, காய்ந்த தூளாகவே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலோ மரத்தூளோ போதும்.

இனி மூடி. மேல் பக்கம் பளிச்சென்று இருக்கும், திருப்பிப் பாருங்கள். விளிம்பு மடிப்புக்குள் பழச்சாறு வழிந்து பிசுக்காக ஒட்டியிருக்கும், அதற்குள் அரிசி நொய் சிந்தினாற்போல வெள்ளையாகச் சின்னச் சின்ன முட்டைகள். தொட்டியை மட்டும் கழுவிவிட்டு இந்த மடிப்பை விட்டால் கழுவியது வீண். பனியன் வேஸ்ட் துணியைச் சோப்புத் தண்ணியில் நனைத்து விரலால் அழுத்தித் துடைத்துவிட்டு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு அடியிலும் பாருங்கள், புழு கூடு கட்டும் நேரத்தில் ஈரத்தை விட்டுக் காய்ந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். தொட்டியை வைத்திருக்கும் செங்கலுக்கு அடியில் செம்பழுப்பாக உருண்டை உருண்டையாகக் கிடந்தால் அதுதான் கூட்டுப்புழு, கூட்டித் தள்ளி நசுக்கிவிடுங்கள். முடிந்தால் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது இன்னொன்று காயட்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறவர்கள் அதோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கழிவுதான் பெரிய தலைவலி. பச்சையாக மின்னுகிற பெரிய ஈ எங்கிருந்துதான் மோப்பம் பிடிக்குமோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் வந்து நிற்கும். தோல், செவுள், குடல் எதுவானாலும் பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்து, காலையில் வண்டி வரும்போது எடுத்துக் கொடுங்கள். முகம் சுளிப்பவர்கள் பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், ஓர் அடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதைத்து, மண்ணை நன்றாக மிதித்து, நாய் கிளறாமல் மேலே ஒரு கல்லை ஏற்றி வைக்கலாம்.

இவ்வளவும் செய்தும் குறையவில்லை என்றால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். வீட்டுப் பட்டியில் சாணியும் எருக்குழியும் திறந்து கிடந்தால் ஈ அங்கேதான் பெருகும், சாணியை வாரம் தவறாமல் அள்ளி, குழியைத் தார்ப்பாயால் இழுத்து மூடுங்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு அருகில் இருப்பவர்களுக்குத் தொட்டி வைத்தியம் மட்டும் போதாது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், ஈரமான கோழி எருவைக் காயப்போடச் சொல்லிப் பண்ணைக்காரரிடம் பேசுங்கள். அவர் அசையாவிட்டால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.