திருகோணமலையிலிருந்து அமெரிக்க பிஎச்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

போன கிழமை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தங்கச்சி மடிக்கணினியோடு வந்தாள். "அக்கா, முதுமாணி இல்லாமல் பிஎச்டிக்குப் போடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. போடலாம். அமெரிக்காவில் பல விஞ்ஞானத் துறைகள் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகவே எடுக்கின்றன. எடுத்தால் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தோ, ஆய்வுகூடத்தில் வேலை செய்தோ மாதாமாதம் சம்பளமும் வரும். முதுமாணிக்கு அப்படிக் கிடைப்பது அரிது. காணியை ஈடு வைக்க முன்னர் இதைப் பாருங்கள்.

கடைசித் திகதி பெரும்பாலும் டிசெம்பர் 1க்கும் 15க்கும் இடையில் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்றால் எங்களுக்கு மறுநாள் காலை 10.29. ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியலுக்கு, நான் பல்கலைக்கழகத்தில் ஒக்டோபரில் எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து கிழமை அலைந்தேன். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்றே அங்கு யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஐஎல்டிஎஸ், டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சைகளின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். பட்டப்பின்படிப்பு அனுமதிக்கான ஜிஆர்இ பரீட்சையைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

சரி, இனி நோக்க அறிக்கை, அதாவது ஏன் இந்த ஆய்வுக்கு வருகிறீர்கள் என்று நீங்களே எழுதும் கட்டுரை. எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். "சிறு வயதிலிருந்தே விஞ்ஞானத்தில் ஆர்வம்" என்றுதான் முதலில் தொடங்கினேன். எங்கள் சேர் அந்தப் பந்தியை அப்படியே வெட்டினார். "நிலாவெளியில என்ன செய்தீர், அதை எழுதும்" என்றார்.

நிலாவெளியில் வீட்டுக் கிணறுகளின் உப்புத்தன்மையை அளப்பதுதான் என் கடைசி வருட ஆய்வு. உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும், அந்தக் கடத்துதிறனைத்தான் மீற்றர் அளக்கும். ஒரே கிணறு காலையில் ஒரு அளவு காட்டும், மத்தியானம் கூடக் காட்டும். கடல்நீர் ஏறுகிறது என்றே முதலில் நம்பினேன். பிறகு 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைட் கரைசலில் மீற்றரைச் சரிபார்த்தேன். 25 பாகையில் அது சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும், காட்டியது. அப்போ மீற்றரில் பிழையில்லை. வாளியில் அள்ளி வைத்த தண்ணீர்தான் வெயிலில் சூடேறியிருந்தது. ஒரு பாகை ஏறினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 வீதம் கூடும், எங்கள் பழைய மீற்றருக்கோ வெப்பநிலைத் திருத்தம் கிடையாது. ஒவ்வொரு கிணற்றிலும் வெப்பநிலையையும் குறித்து, எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். இதை எட்டு வரியில் எழுதினேன். நேர்முகத்தில் பேராசிரியர் அரை மணித்தியாலம் இதைப் பற்றித்தான் கேட்டார். உங்களிடமும் இப்படி ஒரு வாளி இருக்கும், தேடி எடுங்கள்.

பேராசிரியர்களுக்கு செப்டெம்பரில் எழுதுங்கள். அவர்களுடைய அண்மைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, அதில் உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வியோடு பத்து வரிக்குள் முடியுங்கள். புவியியல், சூழலியல் பக்கம் ஒரு பேராசிரியர் சம்மதிக்காமல் இடம் கிடைப்பது கடினம். இரசாயனவியலில் பெரும்பாலும் குழுதான் தெரிவு செய்யும், அங்கே கடிதத்துக்கு அவ்வளவு பலன் இல்லை.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. பெரிய பதவியில் இருப்பவரைவிட, ஆய்வுகூடத்தில் உங்களைக் கண்ணால் பார்த்தவரிடம் கேளுங்கள். சுயவிபரத்தையும் அறிக்கையையும் ஒரு மாதம் முன்பே கொடுங்கள். கடிதத்தைப் பதிவேற்றச் சொல்லிப் பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு அவருடைய ஸ்பாமுக்குள் போயிருக்கும், அதனால் தொலைபேசியில் ஒரு தரம் ஞாபகப்படுத்துங்கள்.

விண்ணப்பக் கட்டணம் டொலரில். ஏழெட்டு இடத்துக்குப் போட்டால் வீடு தாங்காது. கட்ட முன்னர் துறைக்கு எழுதி விலக்குக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், எனக்கு இரண்டு இடத்தில் தந்தார்கள். கட்டத்தான் வேண்டுமென்றால், வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்த பிறகு உடனே கையெழுத்து வைக்கும்படி யாராவது அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். உதவித்தொகையோடு வரும் இடங்களுக்குப் பொதுவாக ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல நேரம் உண்டு.