சீபாப் போட்டும் குறட்டை விடுகிறீர்களா? முதலில் மாஸ்க், பிறகுதான் அழுத்தம்

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதி மூச்சுவழியைத் திறந்து வைப்பது சீபாப் மெஷின். அதைப் போட்டும் குறட்டை கேட்கிறதென்றால் கை நேரே அழுத்தத்தைக் கூட்டத்தான் போகும். அது தலைகீழ் வேலை. அழுத்தம் கூடக்கூட மாஸ்க் முகத்தை விட்டு எழும்பும், கசிவு கூடும். கசிவு கூடினால் மெஷினுக்கு உங்கள் மூச்சு சரியாகப் பிடிபடாது. குறட்டையையும் மூச்சுத்தடையையும் பிழையாகக் கணக்கெடுக்கும். கசிவை அடக்காமல் அழுத்தத்தைத் தொடக்கூடாது.

சோதனை செய்து தூக்க மூச்சுத்தடை என்று உறுதியாகி, சாதாரண சீபாப் அல்லது அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓட்டோ மெஷின் பாவிப்பவர்களுக்குத்தான் இது. இதயப் பலவீனமோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள், மூச்சை இழுக்க ஓர் அழுத்தமும் விட வேறோர் அழுத்தமும் தரும் பைபாப் போடுபவர்கள் மாஸ்க் பகுதியை மட்டும் வாசியுங்கள். மற்றவர்களும் அழுத்தத்தை மாற்றமுதல் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மெஷின் யாருடையது?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் தான் பாவித்ததைக் கொண்டுவந்து தந்திருந்தால், உள்ளே இருப்பது அவருடைய அழுத்தம். உங்கள் மருத்துவர் எழுதியதை முதலில் போடுங்கள். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை என்றால் தொடர் இலக்கத்தைப் பாருங்கள்: சத்தம் அடக்கும் பஞ்சு உள்ளே உதிர்கிறதென்று 2021 ஜூனில் அந்த நிறுவனம் இவற்றைத் திரும்ப அழைத்தது. சரிபார்க்காமல் போட வேண்டாம். மாஸ்க், ரியூப், பில்டர் மூன்றும் புதிதாக இருக்கட்டும்.

2. எஸ்டி காட்டை வாசியுங்கள்

மெஷின் திரையில் வரும் சிரித்த முகத்தை மட்டும் நம்பாதீர்கள். இரவுப் பதிவைச் சேமிக்கும் எஸ்டி காட்டைக் கழற்றி, ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் முழு இரவும் கோடாகத் தெரியும். காட்டின் பூட்டை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கணினி அதில் எதையாவது எழுதிவிட்டால் மெஷின் அடம்பிடிக்கும். திருப்பிப் போடும்போது பூட்டை எடுக்க மறக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியவை கசிவு, குறட்டை, அழுத்தம், ஏஎச்ஐ. ஏஎச்ஐ என்பது மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்ற கணக்கு. 5க்குக் கீழே இருந்தால் நல்லது. ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷினில் கசிவு நிமிடத்துக்கு 24 லீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிலிப்ஸ் மெஷின், மாஸ்க்கின் துளைகளால் வேண்டுமென்றே வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டும். அதில் 30ஐக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கசிவுக் கோட்டின் வடிவமும் கதை சொல்லும். திடீரென்று குத்தாக ஏறி இறங்கினால், புரண்டு படுத்தபோது மாஸ்க் விலகியிருக்கிறது. மெல்ல ஏறி, உச்சியில் தட்டையாக நெடுநேரம் நின்றால் வாய் திறந்திருக்கிறது. அழுத்தக் கோடு ஏறும்போதெல்லாம் கசிவும் கூடவே ஏறினால் பட்டியோ குஷனோ (மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மென்மையான சிலிக்கன் பகுதி) பொருந்தவில்லை.

3. மாஸ்க்: படுத்துக்கொண்டுதான் பூட்ட வேண்டும்

அனேகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கட்டிலில் இருந்துகொண்டு, மெஷினை நிறுத்தி வைத்து, பட்டியை இறுக்குகிறோம். படுத்தவுடன் கன்னச் சதை பக்கவாட்டில் சரிகிறது, அழுத்தமும் ஏறுகிறது. இருந்தபோது பொருந்தியது படுக்கும்போது பொருந்தாது.

எல்லாப் பட்டிகளையும் தளர்த்துங்கள். படுத்து, வழக்கமாகத் தூங்கும் பக்கம் திரும்புங்கள். ரெஸ்மெட் எயார்சென்ஸ் 10 என்றால் மை ஒப்ஷன்ஸுக்குள் ரன் மாஸ்க் ஃபிற் இருக்கிறது, அதை ஓடவிடுங்கள். காற்று வரும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று முன்னே இழுத்து, குஷன் ஊதியதும் மெதுவாக முகத்தில் விடுங்கள். சிலிக்கன் மடிப்பு பலூன்போல உப்பி நின்றால்தான் காற்றைப் பிடிக்கும். இறுக்கி நசித்தால் மடிப்பு சுருங்கி, அந்தச் சுருக்கத்தாலேயே காற்று போகும். பிறகு கீழ்ப் பட்டி இரண்டையும் சமமாக, அதன்பின் மேல் பட்டியை இழுங்கள். பட்டிக்குக் கீழே ஒரு விரல் நுழைய வேண்டும். மூக்குப் பாலத்தில் காலையில் சிவந்த தழும்பு தெரிந்தால் இறுக்கம் கூடிவிட்டது.

கண்ணுக்குள் காற்றடித்தால் இறுக்காமல், ஒரு அளவு சிறிய குஷனைப் போட்டுப் பாருங்கள். பெரிய குஷன் வாங்கி அவதிப்படுபவர்கள்தான் கூட.

எண்ணெய்க்கும் சிலிக்கனுக்கும் ஆகாது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு முடிந்த இரவில் கசிவு கூடினால் மெஷினைப் பழி சொல்லாதீர்கள். நெற்றியிலும் மூக்கோரத்திலும் மிச்சம் இருக்கும். படுக்கமுதல் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குஷனைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டோல், ஸ்பிரிட் வேண்டாம்.

வாயால் காற்று போகிறவர்களுக்குத் தாடைப் பட்டி வாங்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு. உதட்டு இடுக்கால் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். மூக்கடைப்பைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுங்கள், நாடி நெஞ்சில் முட்டாதபடி தலையணையின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் பிறகும் வாய் திறந்தால் வாயையும் மூடும் முழு மாஸ்க்தான் வழி. வாய்க்குப் பிளாஸ்ரர் ஒட்டுவது ஆபத்து.

4. இப்போது அழுத்தம்

கசிவு சில இரவுகள் அடங்கி, குறட்டைக் கோடு மட்டும் நிற்கிறதென்றால் குறைந்தபட்ச அழுத்தம் காணாது. ஓட்டோ மெஷின்கள் 4 முதல் 20 வரை (சென்ரிமீற்றர் நீர் என்ற அழுத்த அளவு) என்று திறந்தபடி வரும். 4இல் தொடங்கும் மெஷின் நீங்கள் குறட்டை விட்ட பிறகுதான் விழித்து மேலே ஏறும். எப்போதும் பிந்தித்தான் வரும்.

ஒஸ்காரில் நடு அழுத்தத்தையும் (பாதி நேரம் இதற்குள் இருந்தது) 95 வீத அழுத்தத்தையும் (95 வீத நேரம் இதற்குள் இருந்தது) பாருங்கள். நடு 8, 95 வீதம் 10.5 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத்தை 4இலிருந்து ஒரேயடியாக 8க்கு ஏற்றாமல் முதலில் 6, நாலைந்து இரவு கழித்து 7, பிறகு அரை அரையாக. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எயார்சென்ஸ் 10இல் ஹோம் பொத்தானையும் திருகியையும் சேர்த்து மூன்று செக்கன் அமுக்கினால் அழுத்தத்தை மாற்றும் மெனு திறக்கும்.

கூட்டிய பிறகு ‘கிளியர் எயார்வே’ என்ற வகைத் தடைகள் பெருகினால் உடனே பழைய அளவுக்குப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அது தொண்டை அடைபடுவதால் வருவதல்ல. அழுத்தம் கூட்டித் தீராது.

மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் ஈபிஆர் 3இல் இருந்தால் அதுவும் குறட்டைக்குக் காரணமாகலாம். 2க்கு இறக்கிப் பாருங்கள். றாம்ப் நேரத்தை, அதாவது தொடக்கத்தில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும் நேரத்தைக் குறைத்துவிடுங்கள். கண்ணயர்ந்த பிறகும் 4இல் ஊதிக்கொண்டிருந்து பயனில்லை.

பின்னர் சேர்த்தவை

நுளம்பு வலைக்குள் படுப்பவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ரியூபை வலையின் அடிவிளிம்பால் எடுத்து மெத்தைக்குக் கீழே செருகினால், புரளும்போது மாஸ்க்கை இழுத்துவிடும். தலைமாட்டுப் பக்கம் எடுத்து, கட்டில் சட்டத்தில் ஒரு துணிப்பட்டியால் தளர்வாகத் தொங்கவிடுங்கள். நுளம்புத்திரியை மெஷினுக்குக் கிட்ட கொளுத்த வேண்டாம். அந்தப் புகையை மெஷின் உறிஞ்சி நேரே உங்களுக்குத்தான் தரும்.

மெஷினின் ஈரப்பதத் தொட்டிக்கான தண்ணீர்: யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. காய்ச்சி ஆறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. தொட்டியின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. படை பிடித்துவிட்டால் ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள்.

மார்கழியில் ரியூபுக்குள் தண்ணீர் கட்டி களகளவென்று சத்தம் வருகிறதென்றால் ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். பழைய போர்வைத் துணியில் ரியூபுக்கு ஒரு உறை தைத்துப் போட்டாலும் போதும்.