எஸ்.இ.ஓ. வகுப்புக்குக் காசு கட்டுமுன் இந்த இரண்டைத் தேடுங்கள்

எஸ்.இ.ஓ. (கூகிள் போன்ற தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) வகுப்புக்கோ காணொளித் தொடருக்கோ காசு கட்டுமுன், அதன் பாடத்திட்டத்தில் 'மெட்டா கீவேர்ட்ஸ்', 'எஃப்.ஐ.டி.' என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள். முதலாவது, பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்கும் தேடுசொல் பட்டியல். அது கூகிளில் தளத்தை மேலே கொண்டுவரும் என்று சொல்லித்தந்தால் அந்த வகுப்பே வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009இலேயே அறிவித்துவிட்டது. எஃப்.ஐ.டி. என்பது, ஒருவர் பக்கத்தில் முதன்முதலில் தட்டும்போது ஏற்படும் தாமதத்தின் அளவீடு. அதன் இடத்துக்கு 2024 மார்ச்சில், முதல் தட்டலை மட்டுமல்லாமல் மற்றவற்றையும் பார்க்கும் ஐ.என்.பி. வந்துவிட்டது. பழையதை மட்டும் சொல்கிற பாடம் அதன்பின் திருத்தப்படவில்லை. தலைப்பிலுள்ள ஆண்டை நம்பாதீர்கள், அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

அடிப்படைக்குக் கூகிளின் 'எஸ்.இ.ஓ. ஸ்டார்ட்டர் கைட்' இலவசம். படித்த கையோடு, உங்கள் தளம் எந்தத் தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக் விழுந்தது என்று காட்டும் கூகிளின் சேர்ச் கொன்சோலைத் திறவுங்கள், அதுவும் இலவசம்தான். நிலாவெளியில் விடுதி வைத்திருப்பவர், 'நிலாவெளி பீச் ரூம்' என்ற தேடலில் தன் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் கிளிக் விழவில்லை என்று கண்டால், அந்தப் பக்கத்தின் தலைப்பை மட்டும் மாற்றி நாலு கிழமை பொறுத்துப் பார்க்கலாம். ஏப்ரல் எண்ணை ஜூன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. சீசன் தொடங்கினால் எதுவும் செய்யாமலே கிளிக் கூடும். 16 மாதத் தரவு சேர்ச் கொன்சோலில் இருக்கிறது, போன வருடத்து அதே கிழமைகளோடு வைத்துப் பாருங்கள்.

தேடலில் இன்னும் தலைகாட்டாத புதுத் தளத்துக்கு இந்த ஒப்பீடு சரிவராது. கூகிள் மெப்பில் கடையைக் காட்டுவது வேறு வேலை, அதற்கு, கடையின் விபரங்களைக் கூகிளில் பதியும் பிசினஸ் புரொஃபைல் பற்றித் தனியாகப் படிக்க வேண்டும்.