முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி: வயதான பெற்றோருக்கு வலு சேர்க்கும் காலை உணவு

வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் காலையில் இரண்டு இட்லி, காபி. மதியம் பல் சரியில்லை, பசியில்லை என்று ரசம் சோற்றோடு முடிந்துவிடும். வயிறு நிறைகிறது, ஆனால் தசைக்கும் எலும்புக்கும் வேண்டியது போய்ச் சேர்வதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது; அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அடிக்கடி கீழே விழுவதற்கும், ஒரு காய்ச்சல் வந்து படுத்தால் தேறி எழ மாதக்கணக்கில் ஆவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

கேழ்வரகு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கேழ்வரகே எல்லாம் தந்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம்தான். அதனால்தான் இந்தக் கஞ்சியில் பொட்டுக்கடலையும் பாலும் கட்டாயம்.

முளைகட்டுதல்

ஒரு கிலோ கேழ்வரகைக் கல் அரித்து, தண்ணீர் தெளிவாகும் வரை நான்கைந்து முறை களையுங்கள். இரவு ஊறப்போட்டால் காலையில் வடித்துவிடலாம். 10 மணி நேரம் போதும். ஈரமான பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள். துணி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிரில் இன்னும் அரை நாள் கூடலாம். முளை நீளமாக வேண்டியதில்லை, தானியத்தின் அளவுக்கு வந்தாலே போதும். புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, பூஞ்சையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பெரியவர்களின் வயிறு அதைத் தாங்காது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. முளைக்கும்போது அது குறைகிறது. இன்னொன்று இன்னும் முக்கியம்: முளையில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். சாதாரண கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் கஞ்சிக்கு இரண்டு கரண்டி போட்டாலே களி மாதிரி இறுகும். முளைகட்டிய மாவை அதைவிட அதிகமாகப் போட்டாலும் குடிக்கிற பதத்தில் நிற்கும். நான்கு வாய்க்கு மேல் வேண்டாம் என்பவர்களுக்கு அந்த நான்கு வாயிலேயே கூடுதல் சத்து போகும்.

உலர்த்தி அரைத்தல்

முளைத்ததை நிழலில் பரப்பி ஈரம் போக்கிவிட்டு, ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். வாயில் போட்டுக் கடித்தால் நொறுங்க வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்தால் வேர் உதிர்ந்துவிடும். இரும்பு வாணலியில் சிறு தீயில் லேசாக, வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள். கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், கஞ்சி மறுபடியும் கெட்டியாகும். அரை கிலோ பொட்டுக்கடலையைத் தனியாகச் சூடு காட்டி, இரண்டையும் சேர்த்து மில்லில் கொடுத்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு அரைப்பதே நல்லது.

கஞ்சி காய்ச்சுதல்

ஒருவருக்கு 60 கிராம் மாவு. முதல் தடவை தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டிக்கு எத்தனை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். பச்சை வாசம் போனதும் காய்ச்சிய பால் 200 மில்லி சேர்த்து இறக்குங்கள். மாவிலிருந்து ஏழு கிராம், பாலிலிருந்து ஆறு கிராம் என்று சுமார் 13 கிராம் புரதம் கிடைக்கும். கூட ஒரு முட்டை வேகவைத்துக் கொடுத்தால் இன்னும் ஆறு கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. ஆக, முட்டையோடு சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே முடிந்துவிடும். இனிப்பு வேண்டுமானால் கொஞ்சம் கருப்பட்டி. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆறிய கஞ்சியில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்க்கலாம். காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

யாருக்குக் கவனம் தேவை

சர்க்கரை நோய் இருந்தால் இந்தக் கஞ்சி ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கேழ்வரகு என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு முளைகட்டாத கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சுட்டு, முட்டையோ சுண்டலோ சேர்த்துக் கொடுப்பது மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள்.

நாற்காலிப் பயிற்சி

சாப்பாடு மட்டும் தசையாகிவிடாது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காலையில் பத்து, மாலையில் பத்து. முடியாதவர்கள் முதலில் தொடையில் கையூன்றி எழட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். மாதம் ஒருமுறை, தொடர்ந்து ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். தசை இழப்பு குறித்த ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்படி, 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.