கதைப்பாடல் புரிய ஒரு பென்சில் போதும்

கதைப்பாடலை எடுத்ததும் வரிவரியாகப் பொருள் பிரிக்காதீர்கள்; முதலில் சந்தம் மாறும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் காட்சியோ பேசுகிற ஆளோ மாறும். காதால் கேட்பதற்கென்றே பிறந்த பாட்டு இது. தலைப்பும் பத்தியும் செய்கிற வேலையைத் தாளமே செய்துவிடுகிறது. நாகர்கோவில் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: பாட்டு நின்று வசனம் வரும், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார், அப்புறம் வேறு மெட்டில் கதை நகரும். காப்பு (கடவுள் வணக்கம்), வருபொருள் (சொல்லப்போகும் கதை எது என்ற அறிவிப்பு), குருவடி (ஆசானுக்கு வணக்கம்), அவையடக்கம் (சபை முன் பணிவு), நாட்டு வளம் எல்லாம் தாண்டித்தான் கதையே தொடங்கும், முடிவில் வாழி என்ற வாழ்த்து.

ஒரே சந்தத்தில் ஓடும் பாடல்களிலும் புதுக்கவிதையிலும் இந்தக் கோடு உதவாது. அங்கே யார் பேசுகிறார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.