மலைவீட்டு ஜன்னலில் கைரேகைக் கறை: துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து நிற்கும். அதைப் பார்த்ததும் கையில் கிடைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறோம். அங்கேதான் பிசகுகிறது. கைரேகைக் கறையில் இருப்பது வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெய்ப் பிசுக்கும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. ஈரத்தோடு தேய்த்தால் ஒரு மூலையில் இருந்த பிசுக்கு கண்ணாடி முழுக்கப் பரவி, வெயில் பட்டதும் கோடு கோடாகத் தெரியும்.

முதலில் ஈரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அவ்வளவு போதும். நுரை பொங்கினால்தான் அழுக்கு போகும் என்று பலர் நம்புகிறார்கள்; அந்தச் சோப்பே கண்ணாடியில் படலமாகத் தங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் உலரத் துடைக்க வேண்டும்.

உறைபனி விழுந்த காலையில் கொதிநீர் ஊற்றவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும். உச்சிவெயிலும் வேண்டாம், துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும்.

நீலகிரித் தைலம் இங்கே எந்த வீட்டிலும் இருக்கும். ஸ்டிக்கர் பசையை எடுக்க அருமையான பொருள். அதற்காகக் கண்ணாடி முழுக்கத் தடவாதீர்கள், அதுவும் எண்ணெய்தானே. பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கெடுக்கும்; எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது.

வினிகருக்கு அதன் தகுதிக்கு மேல் பெயர் கிடைத்திருக்கிறது என்பேன். உப்புத்தண்ணீர்க் கறைக்குச் சரி, எண்ணெய்ப் பிசுக்கை அது பெரிதாக எடுக்காது. மார்பிள் மேல் பட்டால் அரித்துவிடும். டிவி திரைக்கு எதையும் நேராகத் தெளிக்காமல், அணைத்துவிட்டு உலர்ந்த மைக்ரோஃபைபரால் மெல்லத் துடைத்தாலே போதும். ஸ்டீல் ஃபிரிட்ஜை அதன் வரி ஓடும் திசையில் துடைக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. மழைக்காலத்தில் ஜன்னல் ஓரங்களில் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பிளீச் போடுகிறவர்கள் உண்டு. பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கும் வீட்டில் அது வெளியேற வழி இருக்காது. பிளீச் போடும் நாளில் வேறு எதையும் தொடாதீர்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.