மட்டக்குதிரை எவ்வளவு தாங்கும்? கணக்கு தப்பும் இடங்கள்

கொடைக்கானல் ஏரிச் சாலையில் ஒரு சீசன் நேரத்தில் பார்த்தது இது. என் நெஞ்சு உயரம்கூட இல்லாத மட்டக்குதிரை. அதன் மேல் நல்ல வாட்டசாட்டமான ஒரு அப்பா, அவருக்கு முன்னால் ஆறு வயதுப் பையன். "தாங்குமா அண்ணே?" என்று குதிரைக்காரரிடம் கேட்டேன். "குதிரை சார் அது, நூறு கிலோ அசால்ட்டா தாங்கும்" என்றார்.

தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பந்தயக் குதிரை 500 கிலோ இருக்கும். இந்த மாதிரி மட்டக்குதிரை 200 கிலோவைத் தொட்டாலே பெரிது. இரண்டையும் "குதிரை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், அது எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் சொல்லும் அளவு ஐந்தில் ஒரு பங்கு. ஏறும் ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது வெறும் வாய்மொழிக் கணக்கு அல்ல. 2008இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் எட்டுக் குதிரைகள் மேல் 15, 20, 25, 30 சதவீத எடையை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். 25, 30 சதவீதம் சுமந்தபோது இதயத் துடிப்பும் தசைவலியும் கூடின. கிரேக்க நாட்டிலும் 2018இல் இதே அளவைத்தான் விதியாக்கினார்கள்: சாண்டோரினித் தீவில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் கழுதைகள் படும் பாடு உலகச் செய்தியான பிறகு, 100 கிலோ அல்லது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏற்றாதே என்றார்கள்.

சரி, எடையை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் கண் மதிப்பு காலை வாரிவிடும். தெரிந்தவர் ஒருவர் தோப்பில் ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறார். "250 கிலோ தாராளமா இருக்கும்" என்று அடித்துச் சொன்னார். தையல்காரர் டேப்பை எடுத்து அளந்தோம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி 130 செ.மீ. தோள் முனையில் இருந்து புட்டத்தின் முனை வரை நீளம் 120 செ.மீ. நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வந்துவிடும். வந்தது 171. ஐந்தில் ஒரு பங்கு 34 கிலோ. சேணம், விரிப்பு, அங்கவடி என்று ஒரு ஐந்து கிலோவைக் கழித்தால் மிச்சம் 29. ஒன்பது வயதுப் பிள்ளை ஏறலாம். குதிரைக்குச் சொந்தக்கார அண்ணன் ஏறக் கூடாது. அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மட்டக்குதிரை சீக்கிரம் கொழுக்கும் ஜாதி. கொழுத்த குதிரை டேப்பில் அதிக எடை காட்டும். அதை வைத்து அதிகச் சுமை ஏற்றினால், ஏற்கெனவே கொழுப்பைச் சுமக்கும் அதே கால்கள்தான் அதையும் சுமக்க வேண்டும். விலா எலும்பு தடவினால் தட்டுப்படும் அளவு உடம்போடு இருந்தால் அந்தக் குதிரை எவ்வளவு எடை இருக்குமோ, அந்த எடைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். நாலு வயது ஆகாத குட்டிக்குக் கணக்கே வேண்டாம், ஏறாதீர்கள். முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயது ஆகும்.

"ஷெட்லாண்ட் குதிரை இத்தனூண்டு இருந்துக்கிட்டு நிலக்கரி சுரங்கத்தில் வண்டி இழுக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இழுத்ததுதான். 107 செ.மீ. உயரத்தைத் தாண்டாத இனம் அது. 1842இல் பிரிட்டன் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று தடுத்த பிறகு, அந்த வேலை இந்தக் குதிரைகள் தலையில் விழுந்தது. ஆனால் அவை இழுத்த தொட்டிகள் ஓடியது தண்டவாளத்தில். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இழுக்கும்போது பாரத்தைச் சக்கரம் தாங்குகிறது; குதிரை உராய்வை மட்டும் வெல்கிறது.

அந்த உராய்வு தரைக்குத் தரை மாறும். ஒரு குதிரை நாள் முழுக்கச் சளைக்காமல் கொடுக்கும் இழுவை, அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நம் 171 கிலோ குதிரைக்கு 17 கிலோ என்று வையுங்கள். நல்ல தார்ச்சாலையில், காற்று டயர் போட்ட வண்டி ஆளோடு 300 கிலோ இருந்தாலும் பத்து கிலோ இழுவைக்குள் ஓடிவிடும். பத்தடிக்கு ஒரு அடி ஏறும் மேடு வரட்டும்: அந்த ஏற்றத்துக்கு மட்டும் இன்னொரு 30 கிலோ. குதிரையால் முடிவதைப் போல இரண்டு பங்குக்கு மேல். மணலில் இதைவிட மோசம். சமதளத்தில் இழுத்ததைப் பார்த்து மேட்டுக்குக் கணக்குப் போட்டால் நடுவழியில் நிற்கும், அப்புறம் சாட்டை வரும். இறக்கத்தில் பிரேக் இல்லாத வண்டி குதிரையை முட்டித் தள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜட்கா வண்டியில் ஏறியவர்களுக்கு ஒரு குரல் பழக்கமாக இருக்கும்: "பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க." மொத்த எடை சரியாக இருந்தும், முன்பாரம் ஆனால் ஏர்க்கால் (வண்டியில் இருந்து குதிரையின் இரு பக்கமும் நீளும் கட்டை) வழியே முதுகில் இறங்கும், பின்பாரம் ஆனால் வயிற்று வார் மேலே தூக்கும். நல்ல வண்டிக்காரர் கிளம்பும் முன் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார்.

நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மட்டக்குதிரை முதுகில் பொதி 70 கிலோ. இழுப்பதென்றால் காற்று டயர் வண்டிக்கு 600, மற்றதற்கு 400, வண்டி எடையும் சேர்த்து. நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் அதில் பாதிதான். வண்டியில் ஓட்டுநர் தவிர நாலு பேர். 37 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. "சட்டமே 70 கிலோ சொல்லுதே" என்று வாதாடினால் என் பதில், அது வழக்குப் போடும் எல்லை. தோப்புக் குதிரையின் முதுகுக்கு அது 40 சதவீதம். தவிர, கட்டி வைத்த மூட்டை அசையாது, மேலே உட்கார்ந்த ஆள் குதித்துக்கொண்டே வருவார்.

குதிரை கத்தாது. அதனால் "அது சும்மாதானே போகுது" என்று நினைத்துவிடுகிறோம். காதைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், எட்டி வைக்கும் அடி குட்டையாகும். வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்துத் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். எல்லா இடமும் வியர்வையில் நனைந்து, நடுவில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், பாரம் முழுக்க அங்கேதான் அழுத்தியிருக்கிறது.